அலாஸ்கா கப்பல் பயணம்: வயதான அப்பா அம்மாவோடு எந்த வழியில் போவது? ஊர்களில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

#1 காவிரிக்கரை

வணக்கம் மக்களே. ஜூனில் ஊரிலிருந்து அப்பா, அம்மா டல்லாஸ் வருகிறார்கள். அப்பாவுக்கு 74, இடது முழங்காலில் தகராறு. பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 வருஷம் ஓடியாடிய மனுஷர், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். அம்மாவுக்கு 69. "எவ்வளவு வேணா குளிரட்டும், தயிர்சாதம் கிடைக்கணும்" என்பது அவர் நிபந்தனை.

ஆகஸ்டில் ஏழு நாள் அலாஸ்கா கப்பல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்குவது ஒரு வகை, வான்கூவரில் ஏறி அங்கேயே இறங்குவது இன்னொரு வகை. சியாட்டில் மலிவு. கெட்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே என்ற அலாஸ்கா ஊர்கள் மூன்றும் இரண்டிலும் உண்டு. அப்புறம் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. போய்வந்த தோழி, "ஊருன்னு ஒண்ணுமே இல்லடி, எங்க இறங்கினாலும் நகைக்கடை. பனியாறு நாள் மட்டும்தான் காசுக்குத் தகும்" என்கிறாள். அப்படித்தானா?

#2 பனிக்கூழ்_பாண்டி

தயிர்சாதம் கிடைக்கும் மேடம். ஆனா அங்க அதுக்குப் பேரு "ப்ளெயின் யோகர்ட்", "ஸ்டீம்டு ரைஸ்". ரெண்டும் வேற வேற கவுண்டர். பிசையறது நம்ம பொறுப்பு. ஊறுகாய் பாட்டிலை நல்லா மூடி, ரெண்டு கவர் போட்டு எடுத்துட்டுப் போங்க. நான் ஒரு கவர் போட்டேன். என் வெள்ளைச் சட்டை இப்போ ஆவக்காய் கலர்.

#3 சங்குமுகம்

காவிரிக்கரை அம்மா, விலை வித்தியாசம் எதுக்குன்னு கேட்டீங்க. தண்ணிக்குத்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். 30 வருஷம் சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் கிடந்தவன். ஓய்வுக்கு அப்புறம் பயணியாக இந்தக் கரையில் இரண்டு முறை போயிருக்கேன், ஒவ்வொரு வழியிலும் ஒரு தடவை.

சியாட்டிலில் கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் ஏறி வடக்கே போகும். ஒரு பகல், ஒரு இரவு உங்களுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் ஒரு தடுப்பும் கிடையாது. ஆகஸ்டில் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும், ஆனாலும் நீண்ட அலை வந்து கப்பலைத் தூக்கித் தூக்கி வைக்கும். இதே கப்பல் வான்கூவரில் கிளம்பினால் தீவுக்குக் கிழக்கே, நிலத்துக்கும் தீவுக்கும் இடையில் போகும். உள்வழி, உள்வழின்னு விளம்பரத்தில் சொல்றது இதைத்தான். இரண்டு பக்கமும் மலை, தண்ணி குளம் மாதிரி. பால்கனியில் நின்றால் கரையில் நிற்கும் மரத்தின் கிளையை எண்ணலாம் என்கிற இடங்கள் உண்டு.

அந்த வழியில் செய்மூர் நேரோஸ் என்று ஒரு இடுக்கு. ஓதம், அதாவது கடலின் ஏற்றமும் வத்தமும், மாறும்போது தண்ணி அதில் ஆறு மாதிரி பாயும். கப்பல்கள் நீரோட்டம் அடங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் நுழையும். முன்னாடி அதன் நட்டநடுவில் ரிப்பிள் ராக் என்று இரட்டைக் கொம்புப் பாறை ஒன்று இருந்தது. வத்தம் நேரத்தில் ஒன்பது அடி ஆழத்தில்தான் அதன் உச்சி. நூற்றுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்திருக்கிறது. மேலே மிதவையை நிறுத்தித் துளைபோடப் பார்த்தார்கள், நீரோட்டம் மிதவையையே இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் பக்கத்துத் தீவிலிருந்து கீழே குழி இறக்கி, கடலடியில் சுரங்கம் குடைந்து, பாறையின் வயிற்றுக்குள் போய் 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்து வைத்து 1958 ஏப்ரல் 5ஆம் தேதி தகர்த்தார்கள். அணுகுண்டு இல்லாத வெடிப்புகளில் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. நான் போனபோது இரவு பத்து மணி இருக்கும், மேல்தளத்தில் நான் ஒருத்தன்தான். கீழே எல்லோரும் மேஜிக் ஷோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழங்கால் விஷயம்: இந்தக் கரையில் ஓதம் பெரிது. ஜூனோவில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் 20 அடிக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. காலையில் சமமாக இருந்த இறங்குபலகை மத்தியானம் சரிவாக நிற்கும். அப்பா இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

#4 கணக்குப்பிள்ளை

மேஜிக் ஷோவை விடுங்க, விசாவைப் பாருங்க. வான்கூவர்னா அப்பா அம்மாவுக்குக் கனடா விசா வேணும், சரி. சியாட்டில்ல ஏறி சியாட்டில்ல இறங்கினா வேண்டாம்னு நினைச்சா தப்பு. அந்தக் கப்பலும் வழியில கனடாவோட விக்டோரியாவுல சாயங்காலம் நாலஞ்சு மணி நேரம் நிக்கும். அதுக்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். அமெரிக்க விசா இருந்தா போதும்னு கப்பல் துறைமுகம் வரைக்கும் வந்து திரும்பிப் போன குடும்பத்தை நேர்லயே பார்த்தேன். நீங்க கிரீன் கார்டுன்னா பாஸ்போர்ட்டும் கார்டும் போதும்.

ஏன் விக்டோரியாவுல நிக்குதுன்னா, 1886ல போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் அமெரிக்காவுல ஆள் ஏத்தி, நடுவுல வேற நாட்டைத் தொடாம அமெரிக்காவுலயே இறக்கக் கூடாது. இந்தக் கப்பல்ல பாதிக்கு பஹாமாஸ் கொடி, பெர்முடா கொடி. அதனால கனடாவை "தொட்டுட்டு" வரணும். கோவிட்ல கனடா துறைமுகத்தை மூடினப்போ, 2021ல அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமா ஒரு சட்டம் போட்டுத்தான் அலாஸ்கா கப்பலையே ஓட்டினாங்க.

விலை பார்க்கறப்போ தினசரி டிப்ஸையும் சேர்த்துக்கோங்க. தலைக்கு ஒரு நாளைக்கு 16லேர்ந்து 20 டாலர், தானா கணக்குல ஏறும். மூணு பேர், ஏழு நாள், நீங்களே பெருக்கிக்கோங்க.

#5 யாழ்மணல்

நாங்கள் போன வருசம் யூலையில வன்கூவரில இருந்து வெளிக்கிட்டனாங்கள். நான், மனுசி, மாமி. மாமிக்கு 78. சங்குமுகம் ஐயா சொன்னது சரி, அசையிறதே தெரியேல்லை. அடுத்த நாள் காலமை மாமி, "தம்பி, இது எப்ப வெளிக்கிடும்?" எண்டு கேட்டவா.

கெட்சிக்கனில நல்ல மழை. வருசத்துக்குக் கிட்டத்தட்ட 150 அங்குலம் பெய்யிற ஊர். துறைமுகத்தில மழை அளக்கிற பெரிய பலகையொண்டு நட்டு வைச்சிருக்கினம், அவையள் மழைக்கு வைச்ச பேர் "திரவ வெயில்". குடையோட நிண்டது நாங்கள் மட்டும்தான். ஊர்ச்சனம் ஒருத்தரும் குடை பிடிக்கிறேல்லை, எல்லாருக்கும் பழுப்பு ரப்பர் பூட்ஸ்.

எனக்கு வேறொண்டும் கண்ணில பட்டது. கடைக்குள்ள, பஸ்சில, தேவாலயத்தில எங்க பாத்தாலும் பிலிப்பினோ ஆக்கள். கப்பலில இருந்து இறங்கின வேலையாக்கள் எண்டு நினைச்சன். இல்லை, மூண்டு நாலு தலைமுறையா அங்க இருக்கிற சனம். சாமன் மீனைத் தகரத்தில அடைக்கிற தொழிற்சாலையளுக்கு நூறு வருசத்துக்கு முன்னமே கோடைக்குக் கோடை வந்தவையாம், "அலாஸ்கேரோ" எண்டு பேர். ஜூனோவில மணிலா சதுக்கம் எண்டே ஒரு இடமிருக்கு. அந்தப் பேர்ப்பலகைக்குக் கீழ கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்தன். ஏன் எண்டு மனுசி கேட்டவா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

#6 மழைமானி

ஃபேர்பாங்க்ஸில் நான்கு வருடம் படித்தவள், கோடை விடுமுறைகளில் ஜூனோவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கப்பல்களை எனக்குப் பிடிக்காது.

ஜூனோவின் மக்கள்தொகை சுமார் 32,000. 2023இல் அங்கே கப்பலில் வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். ஊருக்குள் பஸ்ஸில் இடம் கிடைக்காது, கைப்பேசியில் சிக்னல் கிடைக்காது, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஓயாது. ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2024இல் வரம்பு வைத்தார்கள். 2026 முதல் கப்பல்களில் உள்ள படுக்கைகளின் கணக்கிலேயே வரம்பு: சாதாரண நாளில் 16,000, சனிக்கிழமையில் 12,000. சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்று 2024இல் வாக்கெடுப்பு நடந்தது, தோற்றுவிட்டது. தோற்கடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கடை இருக்கிறது, படகு இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கிறது.

இந்தக் கரையைப் பார்க்க அரசாங்கமே 1963 முதல் ஃபெரி விடுகிறது. வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமில் ஏறினால் கெட்சிக்கனுக்கு ஒன்றரை நாள். அறை எடுக்க வசதியில்லாதவர்கள் மேல்தளத்தில் கூடாரம் அடித்து, காற்றில் பறக்காமல் ஒட்டுநாடாவால் தளத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்குவார்கள். பக்கத்துக் கூடாரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், பிரசவத்துக்குப் போய்த் திரும்புகிறவர், கூடைப்பந்து ஆடப் போகும் பள்ளிப் பிள்ளைகள். அதுதான் உள்வழி.

#7 பனிக்கூழ்_பாண்டி

74 வயசு அப்பாவை செல்லோடேப் போட்டுக் கப்பல் தளத்துல ஒட்டச் சொல்றீங்க. நல்லது.

#8 மழைமானி

கூடாரத்தை ஒட்டச் சொன்னேன்.

#9 காவிரிக்கரை

சண்டை வேண்டாம் 🙏 ஃபெரி ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பாவுக்கு ராத்திரி மூன்று முறை எழுந்து பாத்ரூம் போகணும். வான்கூவர் கப்பல் என்று முடிவு செய்துவிட்டேன். விசாவுக்குக் கைரேகை கொடுத்தாகிவிட்டது. மழைமானி, கப்பலில் வந்து இறங்கும் பாவத்தைச் செய்யத்தான் போகிறேன். இறங்கினபின் என்ன செய்தால் பாவம் குறையும் என்று சொல்லுங்கள். நகைக்கடை விஷயமும்.

#10 மழைமானி

கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் தோழி சொன்னது பொய்யில்லை. துறைமுகத்தை ஒட்டிய முதல் இரண்டு தெருவும் நகைக்கடைதான். மே மாதம் திறந்து, செப்டம்பர் இறுதியில் ஜன்னலில் பலகை அடித்துச் சாத்திவிட்டு, அவர்களில் பலர் கரீபியன் துறைமுகங்களுக்குப் போய்விடுவார்கள். கப்பலில் கையில் கொடுக்கும் வரைபடத்தில் அந்தக் கடைகள்தான் குறித்திருக்கும். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு மூன்றாம் தெருவுக்குப் போங்கள்.

கெட்சிக்கனிலிருந்து நான்கு கிலோமீட்டரில் சாக்ஸ்மன் என்ற கிராமம், டிலிங்கிட் என்ற பூர்வகுடி மக்களுடையது, ஊர் பஸ்ஸே போகும். குலமரபுத் தூண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கப்பலில் யாராவது "இவர்கள் கும்பிடும் சிலை" என்று சொன்னால் நம்பாதீர்கள். வழிபாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஒரு குலத்தின் கதை, உரிமை, நினைவு. சில தூண்கள் கடன் பாக்கி நோட்டீஸ். சாக்ஸ்மனில் உச்சியில் ஒரு வெள்ளைக்கார மனிதர் உட்கார்ந்திருக்கும் தூண் உண்டு. மூக்கிலும் காதிலும் சிவப்புச் சாயம். 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கக் காரணமாக இருந்த வில்லியம் சீவர்ட் அவர். 1869இல் இந்தப் பக்கம் வந்தபோது தலைவர் ஒருவர் அவருக்குப் பெரிய விருந்து வைத்து, கை நிறையச் சீர் கொடுத்து அனுப்பினார். மரபுப்படி அவர் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யவில்லை. எனவே தூண் செதுக்கி நிறுத்திவிட்டார்கள். பழைய தூண் உளுத்துப்போனதும் விட்டுவிடவில்லை, புதிதாகச் செதுக்கி மறுபடி நிறுத்தினார்கள். மொய் எழுதாமல் போனவரை நூற்றைம்பது வருடமாக விடாத ஊர்.

ஜூனோவில் கப்பல் நிற்கும் இடத்தை ஒட்டியே நூலகக் கட்டடம். அதன் சுவரில் எலிசபெத் பெராட்ரோவிச் என்ற டிலிங்கிட் பெண்ணின் பெரிய ஓவியம். இந்த ஊர்க் கடைகளில் "பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை" என்று பலகை மாட்டியிருந்த காலம். அவர் சட்டமன்றத்துக்கே போய்ப் பேசினார். 1945 பிப்ரவரி 16இல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் கையெழுத்தானது. அமெரிக்கா முழுமைக்குமான 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு 19 வருடம் முந்தியது. ஓவியத்தின் முன்னால் நின்று படமெடுப்பவர்கள் பலர் பின்னால் திரும்பிக் கப்பலைத்தான் எடுக்கிறார்கள். இன்னொன்று: அந்தத் துறைமுகத்தில் உங்கள் அப்பா மிதிக்கும் தரையில் பெரும்பகுதி, தங்கச் சுரங்கத்தில் உடைத்துக் கொட்டிய கல்லும் மண்ணும்தான். கடலை அதனால் தூர்த்துத்தான் ஊரின் முகப்பே வந்தது.

அங்கூன் என்றொரு ஊர், உங்கள் கப்பல் அங்கே நிற்காது. திமிங்கில வேட்டைப் படகில் துப்பாக்கி வெடித்து ஒரு டிலிங்கிட் மருத்துவர் இறந்தார். ஊரார் மரபுப்படி 200 போர்வை ஈடு கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படை வந்து, நீங்கள் எங்களுக்கு 400 போர்வை கொடுங்கள் என்றது. பிறகு 1882 அக்டோபர் 26இல் பீரங்கியால் ஊரைச் சுட்டு, குளிர்கால உணவையும் படகுகளையும் கொளுத்திவிட்டுப் போனது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். தப்பிய ஒரே ஒரு பெரிய படகில் மீன் பிடித்துத்தான் மிச்சமிருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்படை மன்னிப்புக் கேட்டது 2024 அக்டோபர் 26இல், அதே ஊருக்கு வந்து. அந்த ஊர் இருக்கும் அட்மிரால்டி தீவை ஒட்டிக் கப்பல் போகும்போது ஒலிபெருக்கியில் கரடி, கழுகு என்றெல்லாம் சொல்வார்கள். இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

#11 யாழ்மணல்

இதை வாசிச்சிட்டு நான் ஒண்டும் எழுதேல்லை, இரண்டு நாளாச்சு. நன்றி தங்கச்சி.

#12 கணக்குப்பிள்ளை

ஸ்காக்வேயை யாரும் தொடலையே. எனக்குப் பிடிச்சதே அதுதான், ஏன்னா அது முழுக்க முழுக்கக் கணக்கு.

1896ல கனடா பக்கம் க்ளோண்டைக்ல தங்கம் கிடைச்சுது. அடுத்த வருஷம் ஜூலையில தங்கத்தோட கப்பல் சியாட்டில் வந்ததும் லட்சம் பேர் கிளம்பினாங்க. ஸ்காக்வேல இறங்கி மலை ஏறணும். எல்லையில கனடா போலீஸ், ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும் இருந்தாதான் விடுவேன்னுட்டான். ஏறக்குறைய ஒரு டன். முதுகுல ஒரு தடவைக்கு 25 கிலோன்னா 40 நடை. ஒவ்வொரு நடையும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறணும். குதிரை வாங்கினவன் வொயிட் பாஸ் கணவாய் வழியா போனான், அங்க செத்த குதிரை மட்டும் 3,000ம்பாங்க. இத்தனையும் பண்ணிப் போய்ச் சேர்ந்தப்போ நல்ல நிலமெல்லாம் முன்னாடியே ஆள் பிடிச்சாச்சு.

உண்மையில காசு பார்த்தவன் யாருன்னா ஸ்காக்வேல கடை போட்டவன். அதுல ஒருத்தன் சோப்பி ஸ்மித். தந்தி ஆபீஸ் திறந்தான். அஞ்சு டாலர் கொடுத்தா வீட்டுக்குத் தந்தி. ரெண்டு மணி நேரத்துல பதிலும் வரும்: "எல்லோரும் நலம், பணம் அனுப்பவும்." அந்தப் பணத்தையும் இவனே வாங்கிப்பான். அந்த ஊருக்குத் தந்திக் கம்பியே 1901லதான் வந்துச்சு. இவன் ஆபீஸ் கம்பி சுவரைத் தாண்டி எங்கயும் போகல. 1898 ஜூலை 8 ராத்திரி துறைமுகத்துல துப்பாக்கிச் சண்டையில செத்தான். சுட்டவர்னு சொல்ற ஃப்ராங்க் ரீடும் 12 நாள்ல போயிட்டார். ஓடிபி கேட்டு போன் பண்றவனுக்கெல்லாம் இவன்தான் குலதெய்வம்.

#13 சங்குமுகம்

ஸ்காக்வே போற நீளமான கடற்கழிக்கு லின் கெனால்னு பேரு. பார்க்க அழகு. ஆனால் அக்டோபரில் வடகாற்று அதில் குழாயில் ஊதுற மாதிரி இறங்கும். 1918இல் பிரின்சஸ் சோஃபியா என்ற கப்பல் ஸ்காக்வேயிலிருந்து ராத்திரி கிளம்பி, பனிப்புயலில் வாண்டர்பில்ட் ரீஃப் என்ற பாறை மேல் ஏறி உட்கார்ந்தது. நாற்பது மணி நேரம் அப்படியே நின்றது. சுற்றி மீட்புப் படகுகள் வந்து காத்துக்கொண்டிருந்தன. அலை அதிகம், ஆளை இறக்கினால் பாறையில் அடிக்கும், கொஞ்சம் அடங்கட்டும்னு காத்திருந்தார்கள். 25ஆம் தேதி சாயங்காலம் கப்பல் பாறையிலிருந்து நழுவி முழுகிவிட்டது. சுமார் 350 பேர். கரை சேர்ந்தது ஒரு நாய் மட்டும்.

இறக்கியிருக்கலாமா, காத்திருந்தது சரியான்னு கப்பல்காரன் இன்னைக்கும் வாதாடுவான். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும்.

அம்மா, பயமுறுத்தலை. ஆகஸ்டில் அது தெப்பக்குளம். இப்போது ஒவ்வொரு கப்பலிலும் வழிகாட்ட உள்ளூர் பைலட் ஏறி நிற்பார்.

#14 வெறும்வாசகன்

பனியாறு பார்க்க க்ளேசியர் பே, ஹப்பர்ட் இரண்டில் எது நல்லது? எங்கள் கப்பலில் ஹப்பர்ட்தான் போட்டிருக்கிறது.

#15 மழைமானி

இரண்டும் வேறு வேறு கதை. ஹப்பர்ட் இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கும் பனியாறு, முகப்பே ஆறு மைல் அகலம். 1986இலும் 2002இலும் முன்னால் நகர்ந்து ஒரு கடற்கழியின் வாயையே அடைத்துவிட்டது. உள்ளே தண்ணீர் ஏறி ஏரியாகி, பிறகு உடைத்துக்கொண்டு ஓடியது.

க்ளேசியர் பே பின்வாங்கிய கதை. 1794இல் மாலுமி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடாவே கிடையாது, வாயில் பனிச்சுவர். 1879இல் இயற்கையாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கு மேல் உள்ளே போயிருந்தது. இன்று 65 மைல். இவ்வளவு எடை இறங்கியதால் நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்கும் மேல் உயரும் இடங்கள் உண்டு. அங்கிருந்த ஹூனா டிலிங்கிட் மக்களை, பனி முன்னேறிய காலத்தில் அந்தப் பனியே விரட்டியது. பனி விலகித் திரும்பி வந்தபோது இது அரசுப் பாதுகாப்புப் பகுதி ஆகிவிட்டது. 2016இல்தான் அங்கே அவர்களின் குலவீடு மறுபடி எழுந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் உள்ளே அனுமதி. எனக்குப் பிடித்த வரம்பு.

#16 காவிரிக்கரை

போய்வந்து பத்து நாளாகிறது. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

முதல் ராத்திரி அப்பாவும் நானும் மேல்தளத்தில் நின்று செய்மூர் நேரோஸ் பார்த்தோம். பார்த்தோம் என்றால் இருட்டில் இரண்டு விளக்கு, கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும் சத்தம். அப்பா, "இதுக்குக் கீழதானே அந்தச் சுரங்கம்?" என்று இரண்டு தரம் கேட்டார். சங்குமுகம் சார், உங்களுக்கு அவர் வணக்கம் சொல்லச் சொன்னார்.

கெட்சிக்கனில் அதிசயமாக மழை இல்லை, நாற்றம்தான் இருந்தது. ஆகஸ்ட் என்பதால் ஓடை முழுக்க சாமன். முட்டையிட்டு முடித்து, செத்து, வெள்ளையாக ஊறி, கல் இடுக்கில் சிக்கிக் கிடக்கிறது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன்டி இங்க கூட்டிண்டு வந்தே" என்றார். அப்புறம் ஓடை அருவியாக விழும் இடத்துக்கு வந்தோம். அங்கே உயிருள்ள மீன்கள் எகிறிக்கொண்டிருந்தன. ஒன்று பாறையில் மோதி விழுந்தது. மறுபடி எகிறியது, மறுபடி விழுந்தது. அம்மா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஏறிடும்மா... ஏறிடு... ஐயோ." அரை மணி நேரம் நகரவில்லை. ஏழாவதோ எட்டாவதோ தடவை அது மேலே போனதும் பக்கத்திலிருந்த டெக்சாஸ்காரர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார், அம்மா அவரோடு சேர்ந்து கைதட்டினார். சைவம் அப்படியேதான். ஆனால் கப்பலில் யாராவது சாமன் தட்டோடு போனால் திரும்பிக்கொள்கிறார்.

அந்த ஓடை மேலேயே மரக்கால் நட்டுக் கட்டிய க்ரீக் தெரு. 1954 வரை அது என்ன தெரு என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா, "என்ன சொல்றான்?" என்றார். "பழைய கடைத்தெருவாம்" என்றேன். சாக்ஸ்மனில் சீவர்ட் தூண் பார்த்தோம். கதையைச் சொன்னதும் அம்மாவுக்கு உடனே புரிந்தது, நான் பாதி சொல்லும்போதே.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு. தூரத்தில்தான் தெரிகிறது. அதை விட ஊருக்குள் வீடுகளின் பக்கம் அடுக்கி வைத்திருந்த வெள்ளத் தடுப்பு அரண்தான் நினைவில் நிற்கிறது. பஸ் ஓட்டிய அம்மாள் சொன்னார்: மேலே பனி அணை கட்டின மாதிரி ஒரு குழி, அதில் சேரும் தண்ணீர் ஆகஸ்டில் உடைத்துக்கொண்டு வருமாம். 2024இல் சுமார் 300 வீடுகளில் தண்ணீர் புகுந்ததாம். நாங்கள் போனது ஆகஸ்டில். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தைக் கூவினார். துறைமுகத்தில் பாட்ஸி ஆன் என்ற நாயின் வெண்கலச் சிலை. 1930களில் இருந்த பிறவிச் செவிட்டு நாய். எந்தக் கப்பல் எந்தத் துறையில் அணையும் என்று எப்படியோ தெரிந்துகொண்டு முன்னாலேயே போய் நிற்குமாம். அப்பா கப்பலுக்குத் திரும்பும் வழியில் அதன் தலையைத் தடவிவிட்டு வந்தார். எல்லோரும் தடவித் தடவித் தலை மட்டும் பளபள என்றிருந்தது.

க்ளேசியர் பே. காலை ஆறரைக்குச் சின்னப் படகில் பூங்கா அதிகாரிகள் வந்து, கப்பல் நிற்காமலே கயிற்றேணியில் ஏறினார்கள். மார்ஜரி பனியாற்று முன்னால் ஒரு மணி நேரம் நின்றோம். பனி விழுவதை முதலில் சத்தமில்லாமல் பார்க்கிறோம். வீட்டளவு துண்டு தனியாகப் பிரிந்து, மெதுவாகச் சாய்ந்து, தண்ணீர் எழும்பின பிறகுதான் இடி வருகிறது. ஐயாயிரம் பேர் எழுப்பின "ஓ" அதற்கும் முந்தி வந்துவிட்டது. அதுதான் கொஞ்சம் எரிச்சல். மழைமானி, உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஸ்காக்வே அப்பாவின் நாள். வொயிட் பாஸ் ரயில், 1898இல் தொடங்கி 1900இல் முடித்தது. 20 மைலில் கிட்டத்தட்ட 2,900 அடி ஏறுகிறது. அவர் பணிமனையில் ஊட்டி மலைரயில் இன்ஜின்களோடு இருந்தவர். ஏறுவதற்கு முன்னாலேயே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தினார். சாண் போட்டு அளந்தார். "நாலு சாண். மூணு அடி. நம்மளது மீட்டர் கேஜ், இதைவிட மூணு அங்குலத்துக்கு மேல கூட." எழுந்திருக்க நானும் ஒரு ஊழியரும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மேலே போகும்போது இடது பக்கம் பள்ளத்தாக்கு, அருவி, குதிரைகள் செத்த பாதை, எல்லோரும் ஜன்னலில். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்றால், "நடுவுல பல்தண்டவாளம் இல்லாமயே இழுக்குதே" என்றார். உச்சியில் இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும்போது ஊழியரிடம் ஏதோ கேட்டார். அப்பாவின் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னது அப்பாவுக்குப் புரியவில்லை. அப்பா கையால் பிரேக் பிடிக்கிற மாதிரி காட்டினார். அவர் சிரித்துவிட்டு, இரண்டு பெட்டிக்கு நடுவே கூட்டிப்போய் குழாயைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அங்கேயே பத்து நிமிடம். அம்மாவும் நானும் குளிரில் நின்றோம்.

நகைக்கடை: ஒன்றே ஒன்றுக்குள் போனோம். அம்மாவுக்கு மூக்குத்தித் திருகாணி தொலைந்துவிட்டது. அவர்களிடம் இல்லை.

#17 பனிக்கூழ்_பாண்டி

தயிர்சாதம்???

#18 காவிரிக்கரை

இரண்டாம் நாளே சமையல்காரரில் ஒருவர் கோவாக்காரர் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து கடுகு தாளித்து வந்தது.

#19 சங்குமுகம்

அப்பா அந்த ஊழியர்கிட்ட என்ன கேட்டார்? வேக்குவம் பிரேக்கா, ஏர் பிரேக்கான்னுதானே?

#20 காவிரிக்கரை

அதேதான் சார்! எப்படித் தெரியும்? ஏர் பிரேக்காம். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறார். ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன், அம்புக்குறியெல்லாம் இருக்கிறது.